வக்கீல் ஆபீசில் குமாஸ்தா யார்? நம் பாக்கிப் பணத்துக்கு நாள் எண்ணுகிறவர்



நமது சங்கக் கூட்டங்களில் வராக் கடன் பற்றிய பேச்சு வராத மாதமே கிடையாது. பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் கடைசியில் "எந்த வக்கீலிடம் கொடுத்திருக்கிறீர்கள்?" என்ற கேள்வியில் வந்து நிற்கும். வக்கீலின் பெயரைக் கேட்கிறோம், பீஸைக் கேட்கிறோம், ஜெயிப்பாரா என்று கேட்கிறோம். அவருடைய ஆபீசில் குமாஸ்தா யார் என்று ஒருவரும் கேட்பதில்லை. விருதுநகரில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பருப்பு, வற்றல் மண்டி நடத்தி, அதில் பாதிக் காலம் ஏதாவது ஒரு கோர்ட்டில் ஏதாவது ஒரு கேஸ் வைத்திருந்தவர்கள் என்ற முறையில் சொல்கிறோம்: முதலில் கேட்க வேண்டியது அதைத்தான்.

இது எங்களுக்குப் புரிந்தது 1996ஆம் வருஷம். வெளியூர்ச் சில்லறைக் கடைக்காரர் ஒருவர் துவரம்பருப்பும் உளுந்தும் எடுத்த வகையில் 86,000 ரூபாய் பாக்கி. செக் கொடுத்திருந்தார். "இப்பப் போட்டுறாதீங்க அண்ணாச்சி, நானே சொல்றேன்" என்று மாதக்கணக்கில் இழுத்தார். அப்போது செக்குக்கு ஆறு மாத ஆயுள் (2012 ஏப்ரல் முதல் மூன்று மாதம்தான்). அந்த ஆறு மாதமும் முடிகிற வாரத்தில் பாங்கியில் போட்டோம். கணக்கில் பணம் இல்லை என்ற மெமோவோடு திரும்பி வந்தது. எங்கள் கணக்குப்பிள்ளை அதைப் பேரேட்டுக்குள் சொருகி வைத்தார். பார்ட்டியும் போனில் "ரெண்டு நாள் பொறுங்க" என்றார். பொறுத்தோம். வியாபாரத்தில் முகத்தை முறித்துக் கொள்ளக் கூடாது அல்லவா!

கிட்டங்கி வாடகை விவகாரமாக ஒரு நாள் எங்கள் வக்கீல் ஆபீசுக்குப் போயிருந்தோம். வக்கீல் ஐகோர்ட் வேலையாகச் சென்னை போயிருந்தார். மதுரைக் கிளை 2004இல்தானே வந்தது. குமாஸ்தா மட்டும் இருந்தார். எங்கள் தகப்பனார் காலத்திலிருந்து அந்த ஆபீசில் இருப்பவர். பேச்சுவாக்கில் செக் விஷயத்தைச் சொன்னோம். தொகை எவ்வளவு என்று அவர் கேட்கவில்லை, யார் பார்ட்டி என்றும் கேட்கவில்லை.

"தம்பி, மெமோ என்னிக்குக் கைக்கு வந்துச்சு?"

தேதியைச் சொன்னோம். காலண்டரில் விரலை வைத்து எண்ணினார். "இன்னைக்குப் பன்னிரண்டாவது நாள். இன்னும் மூணு நாள்தான் இருக்கு. மெமோவைக் கொண்டாங்க முதல்ல" என்றார். அந்தக் காலத்துச் சட்டப்படி மெமோ கிடைத்த 15 நாளுக்குள் நோட்டீஸ் கொடுத்தாக வேண்டும். செக்கின் ஆயுள் முடிந்துவிட்டதால் மறுபடி பாங்கியில் போட்டுப் புதிதாக நாள் எண்ணவும் வழியில்லை. ஆள் அனுப்பி மெமோவையும் செக்கையும் பில்லையும் கொண்டுவரச் செய்தோம். டைப்ரைட்டர் முன்னால் உட்கார்ந்து ஒரு மணி நேரத்தில் நோட்டீஸ் நகலை அடித்து முடித்தார். "அப்படியே அனுப்பிடுங்களேன்" என்றோம்.

"அது ஆகாது தம்பி. அடிக்கிறது என் வேலை. ஐயா படிச்சுக் கையெழுத்துப் போட்டாத்தான் அது நோட்டீஸ்" என்றார்.

சென்னைக்கு டிரங்கு கால் போட்டு வக்கீலிடம் விஷயத்தைச் சொன்னதும் அவரே. மறுநாள் காலை ரயிலில் இறங்கிய வக்கீல் நேரே ஆபீசுக்கு வந்து, இரண்டு வரி திருத்திக் கையெழுத்திட்டார். 13ஆம் நாள் மத்தியானம் ஒப்புகை அட்டையுடன் ரிஜிஸ்டர் தபால் போயிற்று. நோட்டீஸ் கிடைத்த பதினோராம் நாள் பார்ட்டி நேரில் வந்து முழுப் பணத்தையும் எண்ணி வைத்தார். காப்பி சாப்பிட்டுவிட்டுத்தான் போனார். பின்னாளில் மறுபடியும் எங்களிடம் சரக்கு எடுத்தார், ரொக்கத்துக்கு.

அந்த மூன்று நாளும் போயிருந்தால் சிவில் கேஸ் ஒன்றுதான் மிச்சம். அப்போது கோர்ட் பீஸ் ஏழரை சதவீதம். 86,000 ரூபாய்க்கு 6,450 ரூபாய் முதலிலேயே கட்ட வேண்டும். (2017இல் இதை மூன்று சதவீதமாகக் குறைத்தார்கள், அதே தொகைக்கு இன்று 2,580 ரூபாய்.) கட்டிவிட்டு எத்தனை வருஷம் நடப்பது என்பது உறுப்பினர்களுக்குத் தெரியாததல்ல.

செக் விஷயத்தில் இன்றைய கணக்கையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138ஆம் பிரிவு 1989 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. 2003 பிப்ரவரியில் அமலான திருத்தத்துக்குப் பிறகு, பாங்கியிலிருந்து தகவல் கிடைத்த 30 நாளுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ். நோட்டீஸ் கிடைத்த பின் பார்ட்டிக்கு 15 நாள் தவணை. அதிலும் பணம் வராவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் கோர்ட்டில் புகார். நியாயமான காரணம் காட்டினால் புகார் கொடுப்பதில் ஏற்பட்ட தாமதத்தை மாஜிஸ்திரேட் மன்னிக்கலாம். நோட்டீஸ் கொடுப்பதில் ஏற்பட்ட தாமதத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. இதைத்தான் நம்மில் பலர் குழப்பிக் கொள்கிறார்கள். 2015 திருத்தத்துக்குப் பிறகு நாம் செக்கைப் போட்ட நமது பாங்கிக் கிளை இருக்கிற ஊரிலேயே வழக்குப் போடலாம். பார்ட்டியின் ஊருக்கு அலைய வேண்டியதில்லை.

இனி குமாஸ்தாவின் வேலைக்கு வருவோம்.

கோர்ட் பத்தரை மணிக்குக் கூடுகிறது என்றால் அவருக்கு நாள் அதற்கு வெகு நேரம் முன்பே தொடங்கிவிடுகிறது. அன்றைய கேஸ் பட்டியலைப் பார்த்து, கட்டுகளை எடுத்து, எந்தக் கோர்ட்டில் எது எத்தனையாவது நம்பர் என்று வக்கீலுக்குக் குறித்துக் கொடுக்க வேண்டும். ஒரே நேரத்தில் முன்சீப் கோர்ட்டில் ஒன்றும் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் ஒன்றும் கூப்பிடுவார்கள். எங்கள் மாவட்டத்தில் ஜில்லாக் கோர்ட் இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில். வக்கீல் அங்கே போன நாளில் இங்கே கூப்பிடுகிற கேஸுக்கு வேறு வக்கீலை முன்கூட்டியே சொல்லி வைப்பதும் அவரே. சாயந்தரம் ஒவ்வொரு கேஸுக்கும் அடுத்த வாய்தா தேதியை டைரியில் ஏற்ற வேண்டும். ஒரு தேதி டைரியில் ஏறாமல் போனால் அன்று நம் கேஸில் ஆள் இல்லை என்றாகும். நாம் வாதியானால் கேஸ் தள்ளுபடி, பிரதிவாதியானால் எக்ஸ்பார்ட்டி. அதை எடுத்து நிறுத்த 30 நாளுக்குள் மனுப் போட வேண்டும்.

பிராதுவைத் தயார் செய்து கொடுத்துவிட்டால் கேஸ் நம்பர் ஆகிவிடும் என்று நினைக்கிறோம். அப்படியில்லை. பக்க எண் இல்லை, நகல் தெளிவில்லை, கோர்ட் பீஸ் குறைவு, வக்காலத்தில் கையெழுத்து விட்டுப்போயிற்று என்று ஏதாவது குறை எழுதித் திருப்பிவிடுவார்கள். இதற்கு 'ரிட்டர்ன்' என்று பெயர். குறித்த நாளுக்குள் குறையைச் சரிசெய்து மறுபடி தாக்கல் செய்ய வேண்டும். நல்ல குமாஸ்தா ஆபீசிலேயே இந்தக் குறைகளைப் பிடித்துவிடுவார். இவருடைய கட்டு போனால் செக்ஷனில் பிரித்துப் பார்க்காமலே சீல் வைப்பார்கள் என்று எங்கள் குமாஸ்தாவைப் பற்றி வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

தீர்ப்பு வந்த அன்றே அதன் நகலுக்கு மனுப் போடுவதும் அவர் பொறுப்பு. ஜில்லாக் கோர்ட்டுக்கு அப்பீல் 30 நாள், ஐகோர்ட்டுக்கு 90 நாள். நகல் தயாராவதற்கு எடுத்துக் கொண்ட நாளை அந்தக் கணக்கிலிருந்து கழித்துத் தருகிறது சட்டம். மனுவைத் தாமதமாகப் போட்டால் வீணான நாள் வீணானதுதான்.

அனுபவப்பட்ட குமாஸ்தா நம் கடைக் காகிதங்களைப் பார்க்கிற பார்வையே வேறு. புரோநோட்டை நீட்டினால் தொகையைப் பார்க்க மாட்டார். ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டியிருக்கிறதா, அதன் குறுக்கே கையெழுத்து ஓடியிருக்கிறதா என்றுதான் பார்ப்பார். ஸ்டாம்ப் இல்லாத புரோநோட்டை அபராதம் கட்டிக்கூடச் சாட்சியமாக்க முடியாது. கடைசியாகப் பணம் வரவான தேதியைக் கேட்பார். சரக்குக் கடனுக்கும் புரோநோட்டுக்கும் காலக்கெடு மூன்று வருஷம். அந்த மூன்று வருஷம் முடிவதற்குள் "இவ்வளவு பாக்கி இருக்கிறது" என்று பார்ட்டி எழுதிக் கையெழுத்துப் போட்டால் அந்த நாளிலிருந்து புதிதாக மூன்று வருஷம். முடிந்த பிறகு வாங்கிய வெறும் பாக்கி ஒப்புதல் அந்தக் கணக்குக்கு உதவாது. எங்கள் மண்டியில் வருஷா வருஷம் மார்ச் மாதக் கடைசியில் எல்லாப் பார்ட்டிக்கும் பாக்கி உறுதிக் கடிதம் அனுப்பிக் கையெழுத்து வாங்குகிற வழக்கம் வந்தது இந்தக் குமாஸ்தா சொல்லித்தான். ஆரம்பத்தில் சில பார்ட்டிகள் கோபித்துக் கொண்டார்கள். எல்லோருக்கும் அனுப்புகிறோம் என்று தெரிந்த பிறகு யாரும் தப்பாக எடுத்துக் கொள்வதில்லை.

ஆனால் ஒன்று. அவர் வக்கீல் அல்ல. 1961ஆம் வருஷத்து வக்கீல்கள் சட்டப்படி கோர்ட்டில் தொழில் செய்கிற உரிமை பதிவு பெற்ற வக்கீலுக்கு மட்டும்தான். மற்றவர் செய்தால் ஆறு மாதம் வரை சிறை உண்டு. குமாஸ்தா வாதாட முடியாது, நம் சார்பில் சமரசம் பேசிக் கையெழுத்திட முடியாது, காசு வாங்கிக்கொண்டு சட்ட யோசனை சொல்லவும் கூடாது. "வக்கீலெல்லாம் எதுக்கு, நானே முடிச்சுத் தாரேன்" என்று கோர்ட் வாசலில் ஒருவர் சொன்னால் அவர் குமாஸ்தா அல்ல, தரகர். இந்தத் தரகர்களைப் பட்டியல் போட்டுக் கோர்ட் வளாகத்துக்குள் வராமல் தடுக்க 2023ஆம் வருஷத்துத் திருத்தச் சட்டம் வழி செய்திருக்கிறது.

இன்னொரு பக்கம், சட்டம் அவருக்கு ஒரு கௌரவமும் கொடுத்திருக்கிறது. வக்கீலிடம் நாம் சொல்லும் ரகசியத்தை அவர் வெளியிடக் கூடாது என்ற கட்டுப்பாடு அவருடைய குமாஸ்தாவுக்கும் உண்டு. பழைய சாட்சியச் சட்டத்தின் 127ஆம் பிரிவு அதைச் சொன்னது. 2024 ஜூலை முதல் அமலில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டத்திலும் அது தொடர்கிறது. கணக்கின் உள்விவரம், பங்காளிச் சண்டை, யாரிடம் எவ்வளவு முடங்கிக் கிடக்கிறது என்பதெல்லாம் அவர் காதில் விழுகிறது. போட்டிக் கடைக்காரரின் கட்டும் அதே அலமாரியில் இருக்கலாம். எங்கள் குமாஸ்தா முப்பது வருஷத்தில் பக்கத்து மண்டியைப் பற்றி ஒரு வார்த்தை எங்களிடம் சொன்னதில்லை. நாங்கள் கேட்டும் பார்த்தோம் என்பதை ஒளிக்காமல் எழுதுகிறோம்.

எல்லாரும் இப்படி இருப்பார்கள் என்று சொல்ல வரவில்லை. எங்களுக்கு நேர்ந்த ஒரு நஷ்டத்தையும் எழுதினால்தான் கணக்கு நேராகும்.

2004இல் வேறு மாவட்டத்துப் பார்ட்டி ஒருவர் மீது இரண்டேகால் லட்சம் ரூபாய் வரவேண்டிய வழக்கு. எங்கள் பில்லில் 'விருதுநகர் கோர்ட் எல்லைக்கு உட்பட்டது' என்று அச்சிட்டிருந்தது. சரக்கு ஏறியதும் பணம் தர வேண்டியதும் இங்கேதான். இங்கேயே போடலாம் என்றார் எங்கள் வக்கீல். தெரிந்தவர் பேச்சைக் கேட்டு, பார்ட்டியின் ஊரில் போட்டால் சொத்தை ஜப்தி செய்ய வசதி என்று அங்கே ஒரு வக்கீலைப் பிடித்தோம். அவர் பெரிய பெயர் எடுத்தவர், ஆபீசில் கூட்டம் நெரியும். அவருடைய குமாஸ்தா கேட்ட போதெல்லாம் பணம் அனுப்பினோம். சம்மன் பேட்டா என்றார், நகல் செலவு என்றார். ரசீது கேட்கவில்லை. நோட்டீஸ் அனுப்பியது உண்டா, சம்மன் பார்ட்டி கைக்குப் போயிற்றா என்று போனில் கேட்டால் "நடந்துக்கிட்டிருக்கு அண்ணாச்சி" என்ற பதில். பதினான்கு மாதம் கழித்து அந்த ஊருக்குக் கல்யாணத்துக்குப் போனவர்கள் கோர்ட்டில் விசாரித்தோம். சம்மன் பேட்டா கட்டாததால் கேஸ் தள்ளுபடியாகி எட்டு மாதம் ஆகியிருந்தது.

மறுபடி எடுக்க மனு, எட்டு மாதத் தாமதத்துக்குக் காரணம் சொல்லி இன்னொரு மனு, அதற்கு அபிடவிட். பட்ட பாடு சொல்லி மாளாது. கேஸ் திரும்ப உயிர் பெற்ற போது பார்ட்டி கடையை விற்றுவிட்டு ஊரை விட்டே போயிருந்தார். டிகிரி வாங்கினோம். அது இன்றும் பீரோவில் இருக்கிறது. அந்தக் குமாஸ்தா மேல் எங்களுக்கு வருத்தம் உண்டு. ஆனால் பேட்டா சில நூறு ரூபாய். அதற்கு ரசீது கேட்கக் கூச்சப்பட்டது நாங்கள்.

இன்று அப்படி ஏமாற வேண்டியதில்லை. ஒவ்வொரு வழக்குக்கும் 16 இலக்கமுள்ள சி.என்.ஆர். எண் உண்டு. அதை வாங்கி வைத்துக் கொண்டால் கடையில் உட்கார்ந்தபடியே இ-கோர்ட்ஸ் செயலியில் அடுத்த வாய்தா என்ன, போன வாய்தாவில் என்ன நடந்தது என்று பார்க்கலாம். பணம் கொடுத்தால் தேதி போட்டு ஒரு துண்டுச் சீட்டாவது வாங்குங்கள். நேர்மையான குமாஸ்தா கோபிக்க மாட்டார். அவரும் கணக்கு எழுதுகிறவர்தான்.

இந்த வேலைக்கு என்ன படிப்பு வேண்டும் என்று, பிள்ளைகளை வைத்துக்கொண்டு உறுப்பினர்கள் சிலர் கேட்கிறார்கள். வக்கீல் குமாஸ்தாவாக இருக்க இன்ன பட்டம் கட்டாயம் என்று கிடையாது. எங்கள் குமாஸ்தா பழைய எஸ்.எஸ்.எல்.சி.; தமிழிலும் இங்கிலீஷிலும் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ். இப்போது பிளஸ் டூவுக்குக் குறைந்து யாரும் எடுப்பதில்லை. பி.காம். படித்தவருக்கு நம்மைப் போன்றவர்களின் பேரேடு புரியும் என்பதால் மதிப்பு அதிகம். இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகம் பாராலீகல் தொழிலுக்கென்று ஒரு டிப்ளமோவும் வைத்திருக்கிறது. உச்ச நீதிமன்றத்தில் கேஸ் தாக்கல் செய்கிற உரிமை பெற்ற வக்கீல்கள் பதிவு பெற்ற குமாஸ்தா ஒருவரை வைத்திருக்க வேண்டும் என்பது அங்கே விதி. நம் மாநிலத்தில் குமாஸ்தாக்களுக்கென்று சேம நல நிதிச் சட்டம் 1999இல் வந்தது. சம்பளம் பெரிதல்ல. சில ஆபீஸ்களில் மளிகைக் கடைப் பையனுக்குக் கொடுப்பதைவிடக் குறைவு. திறமையான இளைஞர்கள் இந்தப் பக்கம் வராததற்குக் காரணம் அதுதான். இதை வக்கீல்மார்கள் யோசிக்க வேண்டும்.

வேலையும் மாறிவிட்டது. டைப்ரைட்டர் போய்க் கம்ப்யூட்டர் வந்து, அதுவும் போதாமல் இ-ஃபைலிங் வந்துவிட்டது. பிராதுவை ஸ்கேன் செய்து ஏற்ற வேண்டும், கோர்ட் பீஸை ஆன்லைனில் கட்ட வேண்டும். மூன்று லட்சமும் அதற்கு மேலும் உள்ள வியாபார வழக்குகள் 2018 முதல் வணிக நீதிமன்றக் கணக்கில் வருகின்றன. அவசரத் தடை எதுவும் கேட்காத வழக்கானால் முதலில் சட்டப்பணிகள் ஆணைக்குழு மூலம் சமரசத்துக்கு மனுப் போட வேண்டும். பார்ட்டி வாட்ஸ்அப்பில் "பணம் தருகிறேன்" என்று அனுப்பியதைச் சாட்சியமாகக் காட்ட வேண்டுமானால் அதற்குரிய சான்றிதழ் இணைக்க வேண்டும். செல்போனை மாற்றும்போது அந்தச் செய்திகளை அழித்துவிட்டு வந்து நிற்கிறவர்கள் நம்மில் உண்டு.

ஆகவே குமாஸ்தாவிடம் போகும்போது நாம் கொண்டு போக வேண்டியவற்றையும் சொல்லிவிடுகிறோம்: ஜி.எஸ்.டி. பில், சரக்கு வாங்கிக் கொண்டதற்குக் கையெழுத்தான நகல், லாரி ரசீது, இ-வே பில் இருந்தால் அது, பார்ட்டியின் பேரேட்டுப் பக்கம், செக், பாங்கி மெமோ. மெமோ எந்தத் தேதியில் கைக்கு வந்தது என்று அதன் பின்புறம் அன்றே பென்சிலால் குறித்து வையுங்கள். 1996க்குப் பிறகு எங்கள் கடையில் அப்படித்தான்.

எங்கள் பழைய குமாஸ்தாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. ஆபீசுக்குப் போவதை நிறுத்தி ஐந்தாறு வருஷமாகிறது. அவர் போன பிறகு வந்த இரண்டு பையன்களும் ஆறு மாதம் கூட நிலைக்கவில்லை. சென்ற தை மாதம் நமது சங்க உறுப்பினரான ஒரு சில்லறைக் கடைக்காரரின் மகள் அந்த ஆபீசில் சேர்ந்திருக்கிறார். பி.காம்., டைப்ரைட்டிங் லோயர். கோர்ட்டுக்குப் பெண்பிள்ளையை அனுப்புவதா என்று தகப்பனார் தயங்கினார். பெரியவர்தான் வீட்டுக்கு வரச்சொல்லிப் பேசிச் சம்மதிக்க வைத்து, ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் பெண்ணுக்கு நாள் எண்ணுகிற கணக்கைச் சொல்லிக் கொடுக்கிறார். போன மாதம் ஒரு செக் திரும்பி வந்த விஷயமாக அங்கே போனோம். தொகையைச் சொல்ல வாயெடுத்தோம். அந்தப் பெண் காலண்டரைப் பக்கத்தில் இழுத்து வைத்துக் கொண்டு, "மெமோ என்னிக்கு வந்துச்சு அண்ணாச்சி?" என்றது.